பாய்லர் தண்ணீர் குடித்த தொட்டிகள்

மார்ச் 6

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். நான் சுகம். அந்தக் குளிரில் நீ சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே என் கவலை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசியதில் பாதிதான் காதில் விழுந்தது. முப்பது வருடம் பாய்லர் பக்கத்தில் நின்ற காது, இனி திருந்தாது. நீ சொன்னதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். போனில் தலையாட்டினால் உனக்கு எப்படித் தெரியும் என்பது வைத்த பிறகுதான் உறைத்தது. இனி எழுத்துதான் நமக்குச் சரி.

நீ ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போன காகிதத்தில் இருக்கும் பதினான்கு கட்டளைகளையும் அப்படியே கடைப்பிடிக்கிறேன். மாத்திரை காலையில் ஒன்று, இரவு ஒன்று. கேஸை அணைத்துவிட்டு ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பது. இவ்வளவு பெரிய பாய்லரை முப்பது வருடம் வெடிக்காமல் ஓட்டியவனுக்குக் கேஸ் அடுப்பை அணைக்கப் பாடம் எடுத்த ஆள் நீ ஒருத்திதான். இருக்கட்டும், பார்க்கிறேன்.

இப்போது செடிகள். நீ போன ஜனவரியிலிருந்து பன்னிரண்டு தொட்டிகளும் நன்றாக இருக்கின்றன. பாய்லருக்கு மணிக்கு ஒருமுறை அழுத்தமும் நீர்மட்டமும் எழுதுவது போலப் பால்கனிக் கம்பியில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறேன். மூன்று ரோஜா, இரண்டு மல்லிகை, இரண்டு செம்பருத்தி, இரண்டு சாமந்தி, இரண்டு பத்துமணிப்பூ, ஒரு காகிதப்பூ. எதற்கு எத்தனை குவளை, எத்தனை மொட்டு, எந்த இலை பழுப்பு, எல்லாம் அதில் இருக்கிறது. மேல்வீட்டு லேப் அம்மா அதைப் பார்த்துவிட்டு, 'என்ன சார், ரோஜாவுக்கு சேஃப்டி வால்வு எப்ப போடப்போறீங்க?' என்று கேட்டார். ஆலையில் நாள் முழுக்கத் தண்ணீரைச் சோதித்துவிட்டு வருகிறவர், வீட்டுக்கு வந்தால் என்னைச் சோதிக்கிறார்.

ஒரே ஒரு சங்கடம். மழைத்தண்ணீர் டிரம் அடியைத் தொட்டுவிட்டது. இன்னும் பத்து நாள் தாங்கினால் பெரிது. போர் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். அதில் குளித்தால் தலைமுடியே துடைப்பம் மாதிரி நிற்கிறது, செடி என்ன பாடுபடும். இந்த ஊர் மண்ணைச் சொல்லவே வேண்டாம். கல்யாணமான புதிதில் உனக்காக என் மகன் கீழே முற்றத்தில் மூன்றடிக் குழி தோண்டி, லாரி மண் வாங்கிக் கொட்டி, ஒரு ரோஜா வைத்தானே, ஞாபகம் இருக்கிறதா? ஒரே மழைக்காலத்தில் அடியிலிருந்து உப்பு மேலே ஏறி, குழியைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை வட்டம் போட்டுவிட்டது. செடி போனதைவிட, அவன் முகம் போன போக்கைப் பார்த்து நீ சிரித்ததுதான் எனக்கு நினைவில் இருக்கிறது.

நீ கவலைப்படாதே. தண்ணீருக்கு ஒரு யோசனை வைத்திருக்கிறேன். தண்ணீர் விஷயத்தில் உன் மாமாவை அடித்துக்கொள்ள இந்தக் குடியிருப்பில் ஆள் கிடையாது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நின்றுகொண்டே வேலை என்றாய், கால் வலித்தால் முக்காலி ஒன்று கேட்டு வாங்கிக்கொள். கேட்க வெட்கப்படாதே.

என்றும் உன் நலம் நாடும்,
மாமா.


ஏப்ரல் 21

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வந்ததால் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், பாய்லர் அறையில் நீர்மட்டக் கண்ணாடிக்கு முன்னால் நின்று படித்தேன். ஓரத்தில் கரி பட்டுவிட்டது.

ஒப்பந்தம் டிசம்பரில் முடிந்ததும் வந்துவிடுவேன் என்றும், ஆஸ்பத்திரியில் நிரந்தரமாக இருக்கச் சொன்னதற்கு மறுத்துவிட்டேன் என்றும் எழுதியிருந்தாய். 'அங்க நீங்களும் செடியும் தனியா இருக்கும்போது நான் இங்க என்ன பண்ணப்போறேன்' என்று எழுதியிருந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். மறுபடி யோசித்துப் பார் என்று ஒரு பெரியவன் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல மனம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. அன்றைக்குக் கேன்டீனில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் சும்மா என்றேன்.

செடிகள் நன்றாக இருக்கின்றன. முதல் ரோஜாவில் இரண்டு மொட்டு. வெயில் கொஞ்சம் கூடுதல், அதனால் இலை ஓரங்கள் லேசாகக் காய்ந்திருக்கின்றன. நீ சொன்னபடி பழைய படுக்கை விரிப்பைக் கம்பியில் கட்டிக் கடல் காற்றை மறைத்திருக்கிறேன். தண்ணீருக்குக் குறைவே இல்லை. ஆலையிலிருந்து தினமும் இரண்டு கேன் பாய்லர் தண்ணீர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிறேன். போர் தண்ணீரைச் சுண்ணாம்பு நீக்கும் தொட்டியில் விட்டு, அதன் பிறகுதான் பாய்லருக்கு அனுப்புவோம் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? அந்தத் தண்ணீரில் ஒரு துண்டு சோப்பு போட்டால் வாளி நிறைய நுரை. முப்பது வருடத்தில் என் பாய்லர் குழாயில் ஒரு சுண்ணாம்புப் பொருக்குக் கிடையாது. இரும்புக்கே அவ்வளவு பாந்தமான தண்ணீர், பூவுக்குக் கேட்கவா வேண்டும்? கேட்டில் வாட்ச்மேன், 'பெரியவரே, ஆலைத் தண்ணிய எங்க கடத்துறீங்க?' என்று கேலி செய்கிறார். மேனேஜரிடம் எழுதி வாங்கிய அனுமதியை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

லேப் அம்மா இரண்டு மாத விடுப்பில் அவருடைய அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறார். கேலி செய்ய ஆள் இல்லாமல் படிக்கட்டே வெறிச்சென்று இருக்கிறது.

உன் அறையில் ஹீட்டர் கெட்டுப்போனதையும், ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒருவர் வந்து சரிசெய்து கொடுத்ததையும் எழுதியிருந்தாய். நல்ல மனிதர் போலிருக்கிறது. போன கடிதத்தில் உனக்குக் கையுறை வாங்கித் தந்ததும் அவர்தானா? சும்மா கேட்டேன்.

கழுத்தைச் சுற்றித் துணி கட்டாமல் வெளியே போகாதே.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
மாமா.


ஜூன் 4

அன்புள்ள மருமகளுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது. உட்கார்ந்து நிதானமாகப் படி. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செடிகள் போய்விட்டன அம்மா. பன்னிரண்டில் ஒன்பது போய்விட்டன. ரோஜா மூன்றும், மல்லிகை, செம்பருத்தி, சாமந்தி எல்லாமே. காகிதப்பூவும் பத்துமணிப்பூவும்தான் பாக்கி. போன கடிதத்தில் முதல் ரோஜாவில் இரண்டு மொட்டு என்று எழுதினேன் அல்லவா? அது பொய். மொட்டு வந்தது உண்மை. கடிதம் எழுதிய அன்றைக்குக் காலையிலேயே அது கருகி உதிர்ந்திருந்தது. காய்ந்த இலைகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகும் நான் விடவில்லை. இலை காயக் காய இன்னும் ஒரு குவளை கூடுதலாக ஊற்றினேன். மே மாதம் முழுக்க இரண்டு கேன் நான்கு கேன் ஆயிற்று. அட்டையில் ஒவ்வொரு தொட்டியாகக் கோடு போட்டு அடித்தேன்.

உனக்கு இதைச் சொல்ல வைத்தது ஒரு பதிவுத் தபால். போன வியாழக்கிழமை வந்தது. உன் ஊர் முத்திரையைப் பார்த்ததும் உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிரித்துப் பார்த்தால், அந்தக் கருவி பழுதுபார்க்கிறவர் எழுதியிருக்கிறார். ஒன்றரைப் பக்கத்துக்கு ரோஜாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். நீ ஜன்னலோரம் ஒரு தொட்டி வைத்திருக்கிறாயாம், குளிரில் அது இளைத்துக்கொண்டே போகிறதாம், என்ன செய்யலாம் என்று. செடிக்கு வைத்தியம் கேட்க யாராவது பதிவுத் தபால் அனுப்புவார்களா?

கடைசியில் ஐந்து வரி எழுதியிருந்தார். அப்படியே எழுதுகிறேன். 'உங்கள் மருமகளிடம் என்னைத் திருமணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டேன். முடியாது என்றார். மாமா தனியாக இருக்கிறார், நான் போக வேண்டும் என்றார். என்னைப் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன், தவறு என்றால் மன்னியுங்கள்.'

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். மறைக்கமாட்டேன். கடிதத்தை மேசையில் எறிந்துவிட்டு, செருப்பு கூடப் போடாமல் ஆலை கேட் வரை போய்விட்டுத் திரும்பினேன். என் மகன் கண்ணை மூடி மூன்று வருடம்தான் ஆகிறது, அதற்குள் எவனோ ஒருவன் என்று வாய்விட்டே திட்டினேன். திட்டும்போதே எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மூன்று வருடம் எனக்குச் சீக்கிரம் போயிருக்கலாம். இருபத்தேழு வயதில் தனியாக நின்ற உனக்கு அது எவ்வளவு நீளம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அன்று மாலை லேப் அம்மா விடுப்பு முடிந்து வந்தார். என்னிடம் கொடுத்துவைத்த சாவியை வாங்க வந்தவரிடம் கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். உன் விஷயத்தை அவரிடம் சொன்னதற்கு நீ கோபப்படலாம். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? படித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, 'ஏன் சார், அந்தப் பொண்ணு உங்க செடிக்குத் தண்ணி ஊத்தத்தான் பொறந்துச்சா?' என்று கேட்டார். அவர் எழுந்து பால்கனிக்குப் போனார். போனவர் அங்கேயே நின்றுவிட்டார். 'என்ன தண்ணி ஊத்துனீங்க?' என்றார். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, 'என்ன சார், செடிய ஊறுகா போட்டு வச்சிருக்கீங்க?' என்றார்.

பிறகு விளக்கினார். எனக்கு விளக்கவே தேவையில்லை அம்மா, அதுதான் கொடுமை. சுண்ணாம்பு நீக்கும் தொட்டிக்கு ஒவ்வொரு ஷிஃப்டிலும் உப்பு மூட்டையைப் பிரித்துக் கொட்டுகிறவனே நான்தான். அது சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு அதற்குப் பதில் உப்பைத் தண்ணீரில் விடும். பாய்லர் குழாய்க்கு அது நல்லது. செடிக்கு விஷம். முப்பது வருடமாகத் தெரிந்த விஷயம் பால்கனிக்கு வந்தபோது ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை. எனக்கு எது நல்லதோ அதுதான் எல்லோருக்கும் நல்லது என்று இருந்துவிட்டேன். செடிகளிடம் மட்டும்தான் அப்படி இருந்தேனா என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

உன்னிடம் ஒளிக்க இனி ஒன்றும் இல்லை. அவன் போன பிறகு ஐந்து மாதம் நீ இந்த வீட்டில் நாலு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் நீயே ஒரு பழைய பெயின்ட் வாளியைப் பால்கனிக்கு இழுத்துப் போட்டு, 'மாமா, அடியில போட ஆலையிலேருந்து கரித்துண்டு கொண்டு வர்றீங்களா?' என்று கேட்டாய். நான் ஒரு மூட்டை சுமந்து வந்தேன். தேங்காய் நாரும் டீத்தூளும் காய்ந்த இலையும் சேர்த்து இந்த உப்பு ஊரில் நீயே மண் செய்தாய். முதல் பூ பூத்த அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாய். அன்றிலிருந்து அந்தத் தொட்டிகள் மேல் எனக்கு ஒரு நம்பிக்கை. அவை இருக்கும்வரை நீ இந்த வீட்டில் இருப்பாய் என்று. நீ வேலைக்குக் கிளம்பிப் போனபோதும், செடி இருக்கிறது, திரும்பி வருவாள் என்றுதான் தைரியமாகக் கை ஆட்டினேன். மொட்டு இரண்டு என்று பொய் எழுதியதும் அதற்காகத்தான். உன்னைக் கட்டிப்போட எனக்கு வேறு கயிறு தெரியவில்லை.

ஆகவே இப்போது சொல்கிறேன். செடிக்காக நீ வர வேண்டாம். எனக்காகவும் வர வேண்டாம். எனக்குச் சமைக்கத் தெரியும், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது, சண்டை போட மேல்வீட்டில் ஆள் இருக்கிறது. அந்த மனிதரை உனக்குப் பிடிக்கவில்லை என்றால் அது உன் இஷ்டம், ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். ஆனால் மாமா தனியாக இருக்கிறார் என்ற காரணத்தை மட்டும் யாரிடமும் சொல்லாதே. அதைக் கேட்க எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது. நீ இல்லாத வீடு எனக்குப் பழகாது. அதற்காக உன்னை இங்கே வைத்துக் காய விடமாட்டேன்.

அவர் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜைப் பிரித்துச் சரிசெய்கிற ஆளுக்குக் கை நிதானம் இருக்கும், வாயில் பொய் கொஞ்சம் குறைவாக இருக்கும். பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை என்பதைக் கவனித்திருக்கிறார் பார், உன்னைப் போன்ற அழுத்தக்காரியிடம் அதைக் கவனிக்க ஒரு தனிப் பொறுமை வேண்டும்.

அவருக்கு ஒரு பதில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. நீ படித்துப் பார். மனமிருந்தால் அவரிடம் கொடு. இல்லாவிட்டால் கிழித்துப் போடு. கிழித்தாயா, கொடுத்தாயா என்று எனக்கு எழுத வேண்டும் என்றுகூட இல்லை.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். அழாதே. நான் அழுது முடித்துவிட்டேன், ஒரு வீட்டுக்கு ஒருவர் போதும்.

மாறாத அன்புடன்,
மாமா.


(உள்ளே இருந்த கடிதம்)

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் பதிவுத் தபால் பத்திரமாகக் கிடைத்தது. ரோஜாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன்.

ஊற்றும் முன் தண்ணீரில் விரலை வைத்துப் பாருங்கள். விரல் விறைத்தால் வேரும் விறைக்கும். இலை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டக் கூடாது. ஹீட்டருக்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது. வேர் தொட்டியை நிறைத்துவிட்டால் பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். அப்படி மாற்றும்போது வேர் பிடித்திருக்கும் பழைய மண்ணை உதறிவிடாதீர்கள். அதோடு சேர்த்தே இறக்கி, சுற்றிலும் புது மண்ணைப் போடுங்கள். கொஞ்ச நாள் இலை தொங்கும். பயந்துபோய்த் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்.

இதெல்லாம் எனக்கு அவள் சொல்லிக் கொடுத்தது. அவளைக் கேட்காமல் என் புத்திசாலித்தனத்தைக் காட்டப்போய் ஒன்பது தொட்டிகளைக் கொன்றவன் நான். அதனால் நீங்கள் எதைச் செய்தாலும் அவளைக் கேட்டுச் செய்யுங்கள். எனக்கு எழுதிய கடிதத்தைக்கூட அவளைக் கேட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும். ஆனாலும் எழுதியது நல்லதாகப் போயிற்று.

சில நாட்கள் அவள் பேசமாட்டாள். அப்போது என் மகனை நினைத்துக்கொண்டிருப்பாள். ஏன் என்று கேட்க வேண்டாம், சமாதானமும் சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், போதும். தானாகவே எழுந்து வந்து ஏதாவது வேலை சொல்வாள். சொன்ன வேலையை உடனே செய்யுங்கள்.

நீங்கள் கேட்ட மற்ற விஷயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான். அவள் சம்மதம் என்று சொன்னால், என் பக்கமிருந்து பார்க்க வேண்டியவற்றை நான் பார்த்துக்கொள்கிறேன். கல்யாணத்துக்கு என்னை விருந்தாளியாகக் கூப்பிட வேண்டாம். பெண் வீட்டார் இல்லாமல் எந்தக் கல்யாணமும் நடக்காது. நான் இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுவேன்.

இருவரும் நன்றாயிருங்கள்.

இப்படிக்கு,
பெண்ணின் அப்பா.